நபித்திடலில் ஆட்காட்டி வாய் மூடிய நாள்

அந்தக் காலத்தில் ஆட்காட்டிக்கும் மரத்தில்தான் கூடு. சொன்னால் நம்ப மாட்டீர்கள். இப்போது பொட்டல் தரையில், கல்லோடு கல்லாக முட்டையைப் போட்டுவிட்டு, ஒரு ஆள் நிழல் தெரிந்தாலே தொண்டை கிழியக் கத்துகிறதே, அதே ஆட்காட்டிதான். அப்போது அதற்குக் கண்ணோரத்தில் இந்தச் சிவப்பும் கிடையாது. பேச்சும் இருந்தது. எல்லா உயிருக்கும் பேச்சு இருந்த காலம் அது. ஆனால் பாதிக்கு மேல் வீண்பேச்சு. உருப்படியாகப் பேசியது ஆட்காட்டி ஒன்றுதான் என்பேன்.

அது குடியிருந்த இடம் நபித்திடல். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல்மேடு. அதில் ஒரு பூவரச மரம், அதன் அடியில் ஒரு தோணி நீளத்துக்கு ஒரு கபுரு, மேலே பச்சைப் போர்வை. நபி ஒருவர் அந்தக் கபுருக்குள் அடங்கியிருக்கிறார்கள். எந்த நபி என்று என்னைக் கேட்காதீர்கள். உலகத்துக்கு வந்த நபிமார்கள் லட்சத்துக்கும் மேலே. நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எல்லாம் எங்கே அடங்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? இப்படி எங்கேயாவதுதான், பெயர் இல்லாமல், காற்றையும் உப்பையும் துணைக்கு வைத்துக்கொண்டு.

கரைக்கும் திடலுக்கும் நடுவில் களப்பு. காற்று தெற்கே இருக்கும்வரை அது வெறும் ஈர மணல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். காற்று வாடைக்குத் திரும்பியதோ, கடல் ஏறிவிடும். அலை அடித்துச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் யாரும் சுதாரித்துக்கொள்வார்கள். இது பூனை மாதிரி வரும். கணுக்காலில் ஈரம் படும்போதுதான் தெரியும், அதற்குள் பின்னால் வழி இருக்காது. அது போதாதென்று நடுவில் அங்கங்கே உளை வேறு. மேலே பார்த்தால் நல்ல மணல், கால் வைத்தால் சேறு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதனால்தான் ஆட்காட்டிக்கு அங்கே வேலை. பூவரச உச்சியில் உட்கார்ந்துகொண்டு, கரையில் ஆள் இறங்கினால் "ஆளு வருது, லெப்பை மாமா, ஆளு வருது!" என்று குரல் கொடுக்கும். கபுருக்குப் பக்கத்தில் குடிசை போட்டு, வருகிறவர்களுக்கு ஓதிக்கொடுத்துவந்த உதுமான் லெப்பை கம்பை எடுத்துக்கொண்டு போய், உளைக்கு விலக்கி ஜனங்களைக் கூட்டி வருவார். காற்று திரும்பினால் "தண்ணி ஏறுது!" என்று கத்தும். ஜனங்கள் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவார்கள். லெப்பைக்கு அந்தப் பறவை மேல் உயிர். ஒரு சட்டியில் நல்ல தண்ணீர் எப்போதும் மரத்தடியில் இருக்கும்.

"என்ன புள்ள, இன்னைக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்பார்.

"கட்டுனா உங்க பாடு திண்டாட்டம் மாமா. நீங்க கம்பை ஊனி எந்திரிக்கிறதுக்குள்ள பாதி ஊரு மிதக்கும்" என்று அது திருப்பிக் கொடுக்கும்.

இப்படி வாய்க்கு வாய் பேசிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் திடலின் பெயர் வெளியே பரவியது. வெளியூரிலிருந்து ஜியாரத்துக்கு, கபுரைப் பார்த்து வேண்டிக்கொள்ள, வர ஆரம்பித்தார்கள். கப்பல் வைத்திருந்த ஒரு பெரிய வியாபாரி குடும்பத்தோடு வந்தார். லெப்பை கை ஏந்தி உருக்கமாகத் துஆக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தலைக்கு மேலே ஆட்காட்டி "ஆளு வருது!" என்று ஒரு சத்தம் போட்டதும், வியாபாரி வீட்டுப் பெண்கள் பதறி எழுந்துவிட்டார்கள். வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நபிமார் சமுகத்துல இப்படி ஒரு கூச்சலா? அதபு வேணாமா? ஒரு பறவையை அடக்க முடியல, நீங்க எல்லாம் ஒரு லெப்பை!" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அதபு என்றால் பெரியவர்கள் முன்னால் காட்ட வேண்டிய மரியாதை. அந்த ஒரு சொல்லில் லெப்பை சுருங்கிப் போனார். அவர்கள் போன பிறகு மரத்தடியில் வந்து நின்றார். பறவையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இங்க பாரு புள்ள. ஏந்துன கை இறங்குற வரைக்கும் நீ வாய் திறக்கக் கூடாது. யாரு வந்தாலும் சரி."

"தண்ணி ஏறுனா?"

"துஆ என்ன விடியவிடியவா நடக்கப் போகுது? கொஞ்ச நேரம். அந்த நேரத்தை அல்லா பாத்துக்குவான்."

ஆட்காட்டி யோசித்தது. அதற்கு நபி மேல் பயமும் உண்டு, பாசமும் உண்டு. தான் கத்தினதில் நபி அவர்களுக்கு மனவருத்தம் வந்திருக்குமோ என்று அதற்கே உறுத்தியது. சரி என்று ஒப்புக்கொண்டது. அன்றைக்கு அது எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வாயாடிக்கு அன்றைக்குப் பார்த்தா வாய் அடைக்க வேண்டும்?

சொன்னபடி நடந்துகொண்டது. கை ஏந்தினால் மரத்தில் ஒரு பறவை இருப்பதே தெரியாது. வந்தவர்கள் எல்லாம் "பாரு, பறவைக்குக் கூட என்ன ஒரு அதபு!" என்று அதிசயப்பட்டுப் போனார்கள். அதைக் கேட்டுக் கேட்டு ஆட்காட்டிக்கும் கொஞ்சம் பெருமை பிடித்துக்கொண்டது. யாருக்குத்தான் பிடிக்காது?

அப்படி இருக்கும்போதுதான் செய்னம்பு வந்தாள்.

சங்கு குளிக்கிறவன் பெண்டாட்டி. புருஷன் கடலுக்குள் போனவன் போனவன்தான். அவளுக்கென்று மிச்சம் இருந்தது ஒரே பெண் பிள்ளை, மைமூன். பால்பல் இன்னும் விழாத வயது. பிறந்ததிலிருந்து பேச்சு கிடையாது. பேச்சு என்ன பேச்சு, சத்தமே கிடையாது. அழுதால் கண்ணீர் மட்டும் வரும். சிரித்தால் வாய் மட்டும் விரியும். காலையிலேயே களப்பைத் தாண்டி வந்து பூவரச நிழலில் உட்கார்ந்தாள் செய்னம்பு. உட்கார்ந்த பிறகும் தலையைத் திருப்பித் திருப்பிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆட்காட்டி கீழே இறங்கி வந்து கேட்டது. "ஏன் லாத்தா, கழுத்துல சுளுக்கா?"

"சுளுக்கு இல்ல தாயி. இதுதான் என் பொழைப்பு" என்றாள் செய்னம்பு. "மத்த புள்ளைங்க விழுந்தா உம்மான்னு கத்தும். தண்ணி தாகம்னா கத்தும். இவ விழுந்து கிடந்தாலும் எனக்குத் தெரியாது. பொறந்ததுலேர்ந்து திரும்பித் திரும்பிப் பாத்தே என் கழுத்து தேஞ்சு போச்சு. ஒரே ஒரு தடவை உம்மான்னு கூப்பிட்டாப் போதும். இந்த நபி பொருட்டால அல்லா அதைக் கொடுத்துட்டான்னா, அப்புறம் நான் ராஜாத்தி மாதிரி நேரா பாத்து நடப்பேன்."

மைமூன் பறவையைப் பிடிக்க வந்தாள். ஆட்காட்டி ஒரு தத்துத் தத்தி விலகியது. அவள் இன்னொரு எட்டு வைத்தாள். அது இன்னும் கொஞ்சம் விலகியது. பிள்ளைக்குக் குஷி தாங்கவில்லை, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு கபுரைச் சுற்றிச் சுற்றித் துரத்தினாள். செய்னம்பு அதைப் பார்த்து அழுதாள். பிள்ளை விளையாடி அவள் பார்த்தது குறைவு.

பகல் தொழுகை முடிந்து ஜனங்கள் கூடினார்கள். லெப்பை செய்னம்புவை முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவள் மைமூனைத் தனக்குப் பின்னால் உட்காரவைத்து, கையில் ஒரு சிப்பியைக் கொடுத்தாள். "அசையாம இரு கண்ணு. உனக்காகத்தான்" என்றாள். துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக் கையை ஏந்தினாள். லெப்பை ஆரம்பித்தார்.

அவரும் மனுஷன்தானே. அன்றைக்கு மாதிரி அவர் என்றைக்கும் கேட்டதில்லை. "இந்தப் பச்சை மண்ணுக்கு நாவைக் கொடு ரஹ்மானே" என்று கேட்டார். ஜனங்கள் "ஆமீன்" என்றார்கள். மூடிய கண்களிலிருந்து எல்லாருக்கும் தண்ணீர் வழிந்தது.

செய்னம்புவுக்குக் கழுத்து குறுகுறுத்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நபி சமுகத்தில் கை ஏந்திக்கொண்டு முதுகுப் பக்கம் திரும்பலாமா, கேட்கிறது கிடைக்காமல் போய்விட்டால் என்று அடக்கிக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் மைமூன் எழுந்துவிட்டாள். சிப்பி உருண்டு போனது. அதன் பின்னாலேயே போனவள், திடலின் சரிவில் இறங்கிக் களப்புக்குப் போய்விட்டாள்.

பூவரச உச்சியிலிருந்து ஆட்காட்டி பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் இறகு எதிர்ப்பக்கம் புரண்டது. காற்று வாடைக்குத் திரும்பிவிட்டது. தூரத்தில் மணலுக்கு மேலே ஒரு பளபளப்பு. தண்ணீர்.

வாயைத் திறந்தது. "ஆமீன்" என்றார்கள் கீழே. மூடிக்கொண்டது. இதுதான் கடைசி ஆமீன், இதோ கை இறங்கப் போகிறது என்று நினைத்தது. லெப்பை மறுபடியும் தொடங்கினார். பிள்ளை இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தாள். கத்த வேண்டும். கத்தினால் இந்தத் துஆ கலைந்துவிடும். அந்தப் பிள்ளைக்காகக் கேட்கிற துஆ ஆயிற்றே. பேச்சு வரப்போகிற நேரத்தில் நாம் கெடுத்துவிட்டால்? இன்னொரு ஆமீன்.

பொறுக்க முடியாமல் மரத்தை விட்டுப் பறந்தது. சத்தமில்லாமல் போய்ப் பிள்ளைக்கு முன்னால் இறங்கி இறக்கையை அடித்தது. திருப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்தது பாவம். மைமூனுக்குச் சந்தோஷம். காலையில் விளையாடிய பறவை மறுபடி விளையாட வந்துவிட்டது. சிரித்தாள். ஆட்காட்டி திடலைப் பார்த்து ஒரு தத்துத் தத்தியது. அவள் பின்னாலேயே வந்தாள். அது இன்னொரு தத்துத் தத்தியது. அவளும் வந்தாள். வந்துவிட்டாள், வந்தேவிட்டாள் என்று அதற்கு உயிர் திரும்பியது. மேலே பறக்கிறதற்கு எந்த மணல் கெட்டி, எந்த மணல் உளை என்று எங்கே தெரியும்? அது கம்பை ஊன்றும் லெப்பைக்குத்தான் தெரியும். நேர்வழியில் கூட்டி வந்தது. அந்த நேர்வழியில் உளை இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது பிள்ளை இடுப்புவரை உள்ளே போயிருந்தாள். வாய் திறந்திருந்தது. உம்மாவைத்தான் கூப்பிட்டாள், பார்த்தாலே தெரிந்தது. சத்தம் வரவில்லை. தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் ஆட்காட்டி கத்தியது. "புள்ளை! புள்ளை! புள்ளை!"

செய்னம்பு திரும்பினாள். ஓடினாள். லெப்பை கம்பை விட்டுவிட்டு ஓடினார். ஜனங்கள் எல்லாம் ஓடினார்கள். தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. எந்த இடம் என்று ஆட்காட்டி மேலே வட்டமடித்துக் காட்டிக்கொண்டே இருந்தது. தோண்டி எடுத்தார்கள். எடுத்தது பிள்ளையை இல்லை, மையித்தை. வாய் மட்டும் அப்படியே திறந்திருந்தது, உள்ளே மணல்.

இதை இதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நபியின் கால்மாட்டில் ஒரு சின்னக் குழி வெட்டினார்கள். கபன் போர்த்தி அடக்கத் துணி வேண்டியிருந்தது. செய்னம்பு தன் துப்பட்டியை எடுத்துக் கொடுத்தாள். போய்ப் பார்த்தீர்களானால் பெரிய கபுருக்குப் பக்கத்தில் ஒரு கை நீளத்துக்கு ஒரு மேடு இருக்கும்.

மண் போட்ட பிறகு லெப்பை அவள் முன்னால் வந்து நின்றார். "அல்லாவோட நாட்டம்மா..." என்று ஆரம்பித்தார்.

"அல்லா நாடுனதை நான் ஏத்துக்கறேன் மாமா" என்றாள் செய்னம்பு. "நீங்க நாடுனதைச் சொல்லுங்க. இந்தப் பறவை வாயை மூடச் சொன்னது யாரு?"

லெப்பை மணலில் உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஆட்காட்டி மரத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தச் சின்ன மேட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் நின்றது. அழுதழுது கண்ணோரம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"லாத்தா, என்னைக் கொன்னு போட்டுருங்க" என்றது. "மேல இருந்து எல்லாத்தையும் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன்."

செய்னம்பு அதன் முன்னால் மணலில் உட்கார்ந்தாள்.

"நான் மட்டும் என்னவாம்? பொறந்ததுலேர்ந்து திரும்பித் திரும்பிப் பாத்தவ, இன்னைக்குன்னு பாத்துத் திரும்பல. உனக்கும் எனக்கும் ஒரே புத்திதான். ஆனா உனக்குத் தொண்டை இருந்துச்சே. அந்தத் தொண்டையைத்தானே எம்புள்ளைக்குக் கேட்டு வந்தேன். வச்சுக்கிட்டு சும்மா இருந்தியே."

ஆட்காட்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"உனக்குப் பேச்சு எதுக்கு? பேச்சு இருந்து என்னத்தக் கிழிச்ச? எம்புள்ளை கத்த முடியாததை எல்லாம் இனிமே நீ கத்து. யாரு முன்னாலயும் நிறுத்தாத. எந்த அதபுக்கும் நிறுத்தாத. கத்து."

ஆட்காட்டி பதில் சொல்ல வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. கத்தல் மட்டும்தான் வந்தது. சாபம் விட்டுவிட்டாள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்ற வயிறு, கொடுக்க வேறு என்ன இருந்தது அவளிடம்?

தண்ணீர் வடிந்ததும் செய்னம்பு களப்பில் இறங்கி நடந்தாள். யாரும் கூடப் போகத் துணியவில்லை. நாலு எட்டு வைத்தாள், கழுத்து தானாகப் பின்னால் திரும்பியது. வெறும் மணல். மறுபடி நாலு எட்டு, மறுபடி திரும்பினாள். பழக்கம் விடவில்லை. ஆட்காட்டி அவளுக்குப் பின்னால் தரையில் ஓடி ஓடிக் கத்திக்கொண்டே போனது. அவள் திரும்பும்போது பின்னால் ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று நினைத்ததோ என்னவோ. கரை ஏறியவள் எந்தப் பக்கம் போனாள் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவளைப் பார்த்தவர்கள் இல்லை.

உதுமான் லெப்பை அதற்குப் பிறகு கண்ணை மூடித் துஆக் கேட்டதே இல்லை. பின்னால் வந்த லெப்பைகளும் மூடுவதில்லை. நபித்திடலில் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு, களப்பைப் பார்த்துக்கொண்டுதான் கை ஏந்துவார்கள். பிள்ளையோடு வருகிறவர்கள் துப்பட்டி முனையைப் பிள்ளையின் அரைஞாணில் முடிந்துகொண்டுதான் உட்காருவார்கள். பேசுகிற பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான். தெரியாத யாராவது, "இது என்ன, சமுகத்தில் ஓதும்போது பறவை இப்படிக் கத்துகிறதே, விரட்டக் கூடாதா?" என்று கேட்டால், பக்கத்தில் இருக்கிறவர்கள் அவர் வாயைப் பொத்திவிடுவார்கள்.

அன்று முதல்தான் ஆட்காட்டி மரத்தில் உட்காருவதில்லை, வெறும் தரையில் முட்டையிட்டுக்கொண்டு, ஆள் நிழலைக் கண்டால் சிவந்த கண்ணோடு ஓயாமல் கத்துகிறது; அது கத்தினால் நபித்திடலில் ஓதுகிற வாய் பாதி ஆயத்திலேயே, வசனம் முடியாமலே, நின்றுவிடுகிறது, பிள்ளை பெற்றவள் எவளாக இருந்தாலும் ஏந்திய கையை இறக்கிவிட்டு முதலில் பின்னால்தான் திரும்பிப் பார்க்கிறாள்.